பெயர் எழுதாத படத்தில் இருப்பது யார்?

வேலூரில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ வேலையும் பிரேம் போடும் வேலையும் பார்த்தவன் நான். பழைய படங்களைப் பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆயா போன பிறகு டிரங்குப் பெட்டியில் நாற்பது படம் கிடைத்தது. எதிலும் பெயர் இல்லை. ஆயாவின் தங்கைக்கு 88 வயது. காட்டினால் "தெரியலம்மா" என்கிறார். (குடியாத்தம்)

"இது யார்?" என்று கேட்காதீர்கள் அம்மா. வயதானவர்களுக்கு அது பரீட்சை மாதிரி. பெயர் வராவிட்டால் கூசிப்போய் வாயை மூடிக்கொள்வார்கள். "இந்த அட்டிகை அப்புறம் யாருக்குப் போச்சு?", "இது எந்த வீட்டுத் திண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள். என் அத்தை ஒரு படத்தை மூன்று முறை பார்த்தும் தெரியாது என்றார். அதில் இருந்த பித்தளை அண்டாவைக் காட்டியதும், "அது பெரியவ கல்யாணத்துச் சீர் ஆச்சே" என்று ஆரம்பித்தவர், படத்தில் இருந்த ஏழு பேரில் ஐந்து பேரைச் சொல்லி முடித்தார். நகை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், படத்துக்கென்று இரவல் வாங்கிப் போட்டவர்கள் நிறைய. ஸ்டுடியோவில் கோட்டு கூடத் தருவோம்.

ஒரு நாளைக்கு நாலைந்து படம் போதும். பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். அடுத்தடுத்து, ஒரே அளவில், ஒரே மாதிரி ஓரம் வெட்டிய படங்கள் ஒரே பிலிம் சுருளில் வந்தவையாக இருக்கலாம். ஒன்றில் ஆள் தெரிந்தால் மற்றதும் அவிழும்.

சின்னப் பெண் ஒருத்தி நிற்கிறாள், பின்னால் கண்ணாடியில் ஜடை தெரிகிறது. வருடம் கண்டுபிடிக்க முடியுமா? (ஆம்பூர்)

வருடம் கஷ்டம், மாதம் ஓரளவு சொல்லலாம். பூ தைத்த ஜடை படத்தில் விழத்தான் அந்தக் கண்ணாடி. மல்லிகை மலிந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில், பள்ளி லீவில், இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பெரியவளான சடங்குக்கு எடுத்ததாகவும் இருக்கலாம், தாவணி போட்டிருக்கிறாளா பாருங்கள். அதே திரைச்சீலை, அதே தூண் வேறு உறவினர் படத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் ஸ்டுடியோ ஒன்று, காலமும் பக்கத்தில்தான்.

தாத்தாவின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது, பெரிய மாலை, நெற்றியில் வட்டமாக ஏதோ. (ஆற்காடு)

தம்பி, அது அவர் இறந்த அன்று எடுத்த படம் என்றுதான் நினைக்கிறேன். நெற்றியில் இருப்பது காசு. தயவுசெய்து பயந்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருந்தவரை ஒரு படமும் எடுக்காமலே போனவர்கள் அன்று ஏராளம். முகம் மறந்துபோகக் கூடாதே என்று ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே அழைத்து, உட்காரவைத்து எடுத்த ஒரே படம் அது. நானும் எடுத்திருக்கிறேன். அந்த வீட்டார் பிரிண்ட் வாங்க வந்து நின்ற முகம் இன்னும் நினைவிருக்கிறது.

தேடுகிறவருக்கு இதைவிட நல்ல படம் அமையாது. சுற்றி யாராவது நின்றால் அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தங்களாக இருப்பார்கள். பாட்டிக்குப் பொட்டும் தாலியும் இருந்தால் கணவருக்கு முன்னால் போனவர். திதி எந்த மாதம் கொடுக்கிறீர்கள் என்று வீட்டில் கேளுங்கள், மாதம் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு ஊரின் இறப்புப் பதிவேட்டில் தேடலாம்.

படம் ஒட்டிய ஸ்டுடியோ அட்டையில் "வட ஆற்காடு ஜில்லா, சித்தூர்" என்று அச்சடித்திருக்கிறது. சித்தூர் ஆந்திரா ஆச்சே? (காட்பாடி)

அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். 1911 ஏப்ரல் 1-ல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது, அதுவரை வட ஆற்காட்டின் தலைநகரே அதுதான். ஆக அட்டை 1911-க்கு முன் அச்சடித்தது. மிச்சமிருந்த அட்டையைக் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம், அதனால் ஓரிரு வருடம் தள்ளியே வையுங்கள்.

கொள்ளுத்தாத்தா பட்டாளத்து உடையில் இருக்கிறார். எந்த யுத்தம்? (கம்மவான்பேட்டை)

பட்டாளத்துக்குப் பேர்போன உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இந்தப் படம் இருக்குமே! தொப்பி பேட்ஜைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிரீடம் இருந்தால் 1950-க்கு முன், அசோகச் சிங்கம் இருந்தால் அதற்குப் பின். திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள், இந்திய வீரர்களும் அதில் உண்டு. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் முதல் உலக யுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்கள் வீட்டுப் படங்களில்தான் இருக்கின்றன.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா? (ராணிப்பேட்டை)

வேண்டவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், தெளிவு 600 டிபிஐக்குக் குறையாமல். பிரேமின் பின்பக்கத்தை மட்டும் மெதுவாகத் திறந்து பாருங்கள். அட்டைக்கு அடியில் நாங்கள் பழைய செய்தித்தாள் வைப்போம். அதன் தேதி படம் எடுத்த நாளல்ல, ஆனால் பிரேம் போட்டது அதற்குப் பிறகுதான்.

போனில் ஒரு ஆப் பழைய படத்தைத் தெளிவாக்கி கலர் போட்டுத் தருகிறதே? (திருப்பத்தூர்)

ஆசைக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இல்லாத மூக்கையும் கண்ணையும் தானே வரைகிறது. சாயல் பார்க்க அசல் படம்தான்.

பெயர் தெரிந்ததும் பின்னால் பேனாவில் எழுதலாமா? (குடியாத்தம்)

பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும். மெத்தென்ற பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். யார் சொன்னது, எந்த வருடம் சொன்னார் என்பதும் வேண்டும்: "சின்ன ஆயா சொன்னது" என்று. சந்தேகம் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். உங்கள் பேத்தி பார்த்துக்கொள்வாள்.