ஆட்சி கவிழ்ந்தால் அடுத்த பிரதமர் யார்? – வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. சேர்த்தே பதில் தருகிறோம்.

ஆட்சி கவிழ்ந்தாலோ தொங்கு மக்களவை வந்தாலோ, அதிக இடம் பிடித்த கட்சியின் தலைவரைத்தானே முதலில் அழைக்க வேண்டும்? – வாசகர், பாலக்கோடு

அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று மட்டும் சொல்கிறது அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவு. ஆனால் அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் யாரை நியமித்தாலும் அவர் அவையில் பெரும்பான்மையைக் காட்டியே தீர வேண்டும்.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் ஒவ்வொரு குடியரசுத் தலைவரும் ஒரு வழி பிடித்தார்கள். 1989இல் 197 இடம் பெற்ற காங்கிரஸின் ராஜீவ் காந்தியை ஆர். வெங்கட்ராமன் அழைத்தார். அவர் மறுத்த பிறகே வி.பி. சிங்குக்கு வாய்ப்பு வந்தது. 1996இல் சங்கர் தயாள் சர்மா, 161 இடம் வைத்திருந்த பா.ஜ.க.வின் வாஜ்பாயிக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். மீதி ஆதரவு எங்கிருந்து வரும் என்பது தெரியாமலே நடந்த நியமனம் அது. மே 16இல் வந்த ஆட்சி மே 28இல் விலகியது.

1998இல் கே.ஆர். நாராயணன் முறையை மாற்றினார். கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்கள் கைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அ.தி.மு.க.வின் கடிதம் வரத் தாமதமானதில் டெல்லியே காத்துக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். தாமதமானாலும் இதுதான் சரியான முறை என்பது எங்கள் கருத்து. பதவியில் உட்கார்ந்துகொண்டு ஆள் தேடினால் பேரத்துக்கு வழி திறக்கும்.

பெரும்பான்மைக்கு 272 வேண்டும் என்கிறார்கள். 1999இல் 269க்கு 270 என்று ஓட்டு விழுந்ததாகவும் படித்தேன். எது சரி? – வாசகி, அரூர்

இரண்டும் சரி. 543 பேரும் வந்து வாக்களித்தால்தான் 272. நம்பிக்கை வாக்கெடுப்பில் கணக்கு, வந்திருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல். இருபது பேர் ஒதுங்கி நின்றால் மிச்சம் 523, அதில் 262 போதும். நேரடியாக எதிர்த்து ஓட்டுப் போட மனமில்லாத கட்சி வெளிநடப்புச் செய்வது வெறும் கோபத்தைக் காட்ட அல்ல. அது அரசுக்குச் செய்யும் பாதி உதவி.

1999 ஏப்ரல் 17 அன்று 539 பேர் வாக்களித்தார்கள். வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. எதிர்த்தவர்களில் ஒருவர் கிரிதர் கமாங். ஒடிசாவின் முதல்வராகிவிட்ட அவர், மக்களவைப் பதவியை இன்னும் விடாமல் இருந்தார். அவர் ஒருவர் வராதிருந்தால் 269க்கு 269. சமமானால் மட்டுமே சபாநாயகருக்கு ஓட்டு உண்டு. அன்றைய சபாநாயகர் பாலயோகி, அரசை ஆதரித்த தெலுங்கு தேசத்துக்காரர். மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

‘வெளியிலிருந்து ஆதரவு’ தந்து பிரதமராக்குகிறார்கள். பிறகு அவர்களே கவிழ்க்கிறார்கள். ஏன்? – வாசகர், பென்னாகரம்

ஆதரவு தரும் கட்சிக்கு அந்த அரசில் ஒரு மந்திரிகூட இல்லை. ஆட்சி போனால் அவர்களுக்கு எதுவும் போகாது. வேர் அதுதான்.

1979 ஜூலை 15இல் மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார். மொரார்ஜி, சரண் சிங் இருவரிடமும் ஆதரவாளர் பட்டியலைக் கேட்டு வாங்கினார் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சில பெயர்கள் இரண்டு பட்டியலிலும் இருந்தன! இந்திரா காங்கிரஸின் ஆதரவோடு ஜூலை 28இல் சரண் சிங் பிரதமரானார். அவையைச் சந்திக்க வேண்டிய ஆகஸ்ட் 20 அன்று அந்த ஆதரவு விலகியது. அவைக்குள் கால் வைக்காமலே ராஜினாமா செய்தார். அவை கலைக்கப்பட்டு, 1980 ஜனவரி வரை காபந்து பிரதமராக மட்டும் இருந்தார்.

சந்திரசேகர் 1990 நவம்பர் 10இல் ராஜீவின் காங்கிரஸ் வெளியிலிருந்து தந்த ஆதரவோடு வந்தார். ராஜீவ் வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்ததாக எழுந்த சர்ச்சையில், 1991 மார்ச் 6இல் விலகினார். தேவ கவுடாவும் குஜ்ராலும் போனதற்கும் காங்கிரஸ் கையை விட்டதே காரணம். ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் அறிக்கையைக் காட்டி, தி.மு.க. மந்திரிகளை நீக்கச் சொன்னார்கள். குஜ்ரால் மறுத்தார், 1997 நவம்பரில் ஆதரவு போனது.

1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் இதைத் தடுக்காதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தடுக்காது. எம்.பி. ஒருவர் தன் கட்சியை விட்டு விலகினாலோ கொறடா உத்தரவை மீறினாலோதான் பதவி போகும். கட்சியே முழுசாக ஆதரவை விலக்கினால் சட்டம் பேசாது.

இலங்கையில் ஒரே ஒரு எம்.பி. உள்ள கட்சியின் தலைவர் எப்படிப் பிரதமரானார்? – வாசகர், ஊத்தங்கரை

2020 தேர்தலில் ரணில் விக்ரமசிங்கவின் கட்சி எந்தத் தொகுதியிலும் ஜெயிக்கவில்லை. கிடைத்தது, நாடு முழுதும் வாங்கிய ஓட்டுக்கு ஏற்பக் கட்சிகளுக்குத் தரும் தேசியப் பட்டியல் இடம் ஒன்று. மக்கள் போராட்டத்தில் 2022 மே 9இல் பிரதமர் மகிந்த ராஜபக்ச விலகியதும், மே 12இல் ஜனாதிபதி கோட்டாபய இவரை நியமித்தார். அங்கே நாடாளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்பது ஜனாதிபதியின் கணிப்பு. 225 பேர் அவையில் ராஜபக்சக்களின் கட்சியே இவருக்குப் பின்னால் நின்றது. கோட்டாபய நாட்டை விட்டுப் போன பின், ஜூலை 20இல் எம்.பி.க்கள் ரகசிய வாக்கெடுப்பில் 134 ஓட்டுப் போட்டு இவரை ஜனாதிபதியாக்கினார்கள். தெருவில் எழுந்த கோபம் ஒருவரை இறக்கியது. ஏற்றியது பழைய அவைதான்.

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் நடந்தது வேறு மாதிரி. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி எம்.பி.யாக இல்லாமலே இடைக்காலப் பிரதமரானார். அவையும் கலைக்கப்பட்டது.

எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியை ஒரு பழைய புத்தகம் ‘சென்னைப் பிரதமர்’ என்கிறது. அச்சுப்பிழையா? – மாணவி, ஓசூர்

பிழையில்லை. 1935 சட்டத்தின்கீழ் மாகாண அரசின் தலைவரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். 1937இல் 215 இடங்களில் 159ஐ வென்ற காங்கிரஸின் சார்பில் ராஜாஜி அந்தப் பதவிக்கு வந்தார்.

1952இல் நிலைமை தலைகீழ். 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீ பிரகாசா மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். இது அன்றே பெரிய சர்ச்சை. 1954இல் அவருக்குப் பின் வந்த காமராஜரும் அப்போது சட்டமன்றத்தில் இல்லை. அவர் மேலவை வழியை எடுக்காமல், ஆறு மாதக் கெடுவுக்குள் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து அவைக்குள் வந்தார்.