கிளாஸ் அடங்க மாட்டேங்குதுன்னு கேட்டவங்களுக்கு ஒரு வடசென்னை டீச்சரோட பதில்கள்

22 வருஷமா வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல இருக்கேன், இப்ப ஆறு ஏழு எட்டுக்கு கணக்கு. புதுசா வேலைக்கு வந்தவங்க நெறைய பேர் ஒரே மாதிரி கேக்குறதால இங்கயே பதில் போடுறேன், ஒவ்வொருத்தரா கேளுங்க.

கேள்வி (தண்டையார்பேட்டை): அக்கா, ஏழாவதுல 46 பசங்க. பெல் அடிச்சு பத்து நிமிஷம் சைலன்ஸ் சைலன்ஸ்னு கத்தியே போவுது, வீட்டுக்கு வந்தா பேச தொண்டை இல்ல. என்ன பண்றது?

பதில்: கத்துறத நாளைக்கே நிறுத்தும்மா. நீ சத்தத்த ஏத்த ஏத்த அவங்களும் ஏத்துவாங்க. நீ உள்ள நுழையும்போதே போர்டுல வேல இருக்கணும். நா காலைலயே ஒரு புள்ளகிட்ட சீட்டு குடுத்துடுவேன், பெல் அடிச்சதும் அது மூணு கணக்கு போர்டுல எழுதிடும், மூணுமே நேத்து நடத்துனதுலேர்ந்து, ஒண்ணு கிளாஸ்ல எல்லாராலயும் போட முடியுறதா இருக்கணும், இல்லன்னா தெரியாதவன் மொத நிமிஷமே பக்கத்துல திரும்பிடுவான். மொத வாரம் நடக்காது, மனச விட்டுடாத, மூணாவது வாரத்துல நீ வர ரெண்டு நிமிஷம் ஆனாலும் தல குனிஞ்சு போட்டுட்டு இருப்பாங்க. புள்ளைங்க சும்மா இருக்குற நேரத்துலதான் சத்தம் வருது. நோட்டு குடுக்குறப்போ, சாக்பீஸ் தேடுறப்போ, ஆப்ல அட்டெண்டன்ஸ் போட நெட் சுத்திட்டு இருக்குறப்போ, கவனிச்சுப் பாரு, அங்கதான் கிளாஸ் கைய விட்டுப் போவும்.

ஜேக்கப் கௌனின்னு அமெரிக்காவுல ஒருத்தர், கிளாஸ்ரூம வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்ணி 1970ல எழுதுனாரு. தப்பு நடந்த பிறகு டீச்சர் எப்படி கண்டிக்கிறாங்கன்றதுல நல்ல கிளாஸுக்கும் மோசமான கிளாஸுக்கும் பெரிய வித்தியாசமே இல்லையாம், தப்பு நடக்குறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்றதுலதான் இருந்துச்சாம். நா பி.எட். படிச்சப்போ இது பரீட்சைக்கு ஒரு வரி, அஞ்சாறு வருஷம் கிளாஸ்ல நின்ன பிறகுதான் புரிஞ்சுது. டீச்சருக்கு முதுகுலயும் கண்ணு இருக்குன்னு புள்ளைங்க நம்பணும். போர்டுல எழுதும்போது முழு முதுகையும் காட்டாத, பக்கவாட்டுல நில்லு.

அதே டீச்சர்: பண்ணி பாக்குறேன்கா. ஆனா கடைசி பெஞ்ச்ல ஒரு மூணு பேர், எது சொன்னாலும் எதிர்த்து பேசுறாங்க.

பதில்: எல்லார் எதிர்லயும் பேர் சொல்லி கூப்ட்டு நிக்க வைக்கிறியா? அதான் பிரச்சன. நம்ம ஏரியால பன்னெண்டு வயசு பையனுக்கு கூட்டாளிங்க முன்னாடி கெத்துதான் எல்லாம், அத நீ ஒடச்சா அன்னிக்கு பூரா உன்கிட்ட மல்லுக்கு நிப்பான். பாடத்த நிறுத்தாம அவன் பெஞ்ச் பக்கத்துல போய் நின்னு அங்கேர்ந்தே நடத்து, பாதி அடங்கிடும். மீதிய பீரியட் முடிஞ்சு வராண்டாவுல தனியா பேசு.

எங்கிட்ட ஒருத்தன் இருந்தான், வாயே மூட மாட்டான், "இன்னா மிஸ் என்ன மட்டும் பாக்குற"ன்னு எகிறுவான். ஒரு நாள் தனியா நிக்க வெச்சு போர்ட படிடான்னா, கண்ண சுருக்குறான், எழுத்தே தெரியல. அவ்ளோ நாளும் அவன் பேசுனது பக்கத்துல இருக்குறவன்கிட்ட போர்டுல இன்னா எழுதிருக்குன்னு கேட்டுதான். நா அவன ஒரு வருஷம் திட்டிருக்கேன், இப்பவும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. அரசு ஸ்கூல்ல கண்ண செக் பண்ணி கண்ணாடி இலவசமாவே குடுக்குறாங்க, அதனால ரொம்ப பேசுற புள்ளைக்கு மொத கண்ணப் பாரு, அப்புறம் காதப் பாரு, குணத்த கடைசியா வெச்சுக்கோ.

கேள்வி (காசிமேடு): மேடம், ஆறாவது பையன் ஒருத்தன் மொத பீரியட்லயே தூங்குறான். எழுப்புனா அழுவுறான்.

பதில்: திட்டாதீங்க சார், எங்கேர்ந்து வர்றான்னு கேளுங்க. விடியறதுக்கு முன்னாடியே ஹார்பர்ல மீன் ஏலம் ஆரம்பிச்சுடும், அம்மா கூட கூடை தூக்க போயிட்டு நேரா ஸ்கூலுக்கு வர்ற புள்ளைங்கள நா பாத்திருக்கேன். சாப்ட்டானான்னும் கேளுங்க. 2022ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும்தான், போன வருஷம் வரைக்கும் கிச்சடி பொங்கல்னு சாப்ட்டுட்டு உக்காந்த பையன் இப்ப ஆறாவதுல மதிய சாப்பாடு வரைக்கும் வெறும் வயித்தோட இருக்கலாம். இருபது நிமிஷம் தூங்கட்டும், பிறகு தண்ணி குடிக்க வெச்சு சின்னதா ஒரு வேல குடுங்க. சாயங்காலம் வீட்டுக்கு ஒரு நட போய் அம்மாகிட்ட பேசுங்க, அவங்களுக்கும் வேற வழி இல்லாம இருக்கும், குத்தம் சொல்ற மாதிரி ஆரம்பிக்காதீங்க. தெனமும் வேலைக்கு அனுப்புறாங்கன்னா ஹெச்எம்கிட்ட சொல்லணும், கொழந்தைங்களுக்கான உதவி போன் நம்பர் 1098ம் இருக்கு.

கேள்வி (பெரம்பூர்): அப்பாக்களே வந்து "நல்லா அடிங்க டீச்சர், கண்ண மட்டும் விட்டுடுங்க"ன்றாங்க. அவங்களே சொல்லும்போது ரெண்டு தட்டு தட்டுனா என்ன?

பதில்: கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, ஒடம்புல அடிக்கிறதும் கூடாது, மனச நோவடிக்கிறதும் கூடாது, மீறுனா துறை நடவடிக்கை. அப்பா சொன்னார்ன்றதெல்லாம் நிக்காது. சட்டத்த விடுங்க, அடி வாங்குன புள்ள அந்த பீரியட்ல எதையும் கத்துக்காது, பாத்துட்டு இருந்த மத்த புள்ளைங்களும் கத்துக்காது. அந்த அப்பாகிட்ட நா சொல்றது, "அடிக்க மாட்டேண்ணா, தெனம் ராத்திரி பத்து நிமிஷம் அவன் நோட்ட தொறந்து காட்ட சொல்லுங்க, உங்களுக்கு படிக்க தெரியலன்னாலும் பரவால்ல". நெறைய பேர் செய்றாங்க.

கேள்வி (திருவொற்றியூர்): கேள்வி கேட்டா அதே நாலு பேர்தான் கை தூக்குறாங்க.

பதில்: கேட்டுட்டு எவ்ளோ நேரம் நிக்கிறீங்கன்னு எண்ணிப் பாருங்க. மேரி பட் ரோன்னு அமெரிக்காவுல கல்வி ஆராய்ச்சி பண்ண ஒரு அம்மா இத அளந்து பாத்தப்போ பெரும்பாலான டீச்சருங்க ஒரு செகண்டுதான் நின்னாங்களாம், மூணு செகண்டா ஆக்குனதும் பதிலெல்லாம் நீளமாச்சு, பேசாத புள்ளைங்களும் பேசிச்சு. மூணு செகண்ட் நிக்கிறது கஷ்டம், மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க. அப்புறம் பக்கத்துல இருக்குறவங்ககிட்ட மொதல்ல பேச விட்டு, பிறகு கை தூக்காதவங்கள கேளுங்க. அந்த நேரத்துல சத்தம் வரும், அது வேல நடக்குற சத்தம், வராண்டாவுல யாரு போனாலும் பயப்படாதீங்க.

கேள்வி (எம்கேபி நகர்): நாலாவதுல ஒம்போது பேருக்கு எழுத்துக் கூட்டவே வரல, அவங்கதான் கலாட்டா.

பதில்: புரியாத பாடத்துல ஆறு மணி நேரம் நம்மள உக்கார வெச்சா நாமளும் கலாட்டாதான் பண்ணுவோம். சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு எழுத படிக்க, கணக்கு போட சொல்லித்தர்ற அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சதே இதுக்குதான். ஒம்போது பேரையும் ஒரே மூலையில ஒதுக்காதீங்க, தெனம் இருபது நிமிஷம் மட்டும் தனியா, மீதி நேரம் கலந்து.

கேள்வி (கொருக்குப்பேட்டை): மழைக்கு ஒரு வாரம் லீவு, திங்கக்கெழம ஸ்கூல். நெறைய வீட்ல தண்ணி. கிளாஸ எப்படி ஆரம்பிக்க?

பதில்: மொத பீரியட் பாடம் வேணாம்ப்பா. யார் வீட்ல தண்ணி வந்துச்சு, யார் புக்கு நனஞ்சுது, யூனிபார்ம் காஞ்சுதான்னு கேட்டு லிஸ்ட் எடுத்து அன்னிக்கே ஹெச்எம்கிட்ட குடு. யூனிபார்ம் இல்லாம வந்தவன வெளிய நிக்க வெச்சுடாத. ரெண்டாவது பீரியட் எப்பவும் போல போர்டுல மூணு கணக்கு, எல்லாமே சுலபமா.