எழுவான்கரை மணலுக்கு அடியில் கறுப்புச் சேறு: அதன் வயதை எப்படி அறிவது?

"மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் கிணறு வெட்டும்போது மணலுக்குக் கீழே சிப்பியோடு கறுப்புச் சேறு வந்தது, எந்தக் காலத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிப்பியும் கறுப்புச் சேறும் ஒன்றாக வந்தால், அந்த இடம் ஒரு காலத்தில் வாவியாகவோ கண்டல் சதுப்பாகவோ இருந்திருக்கலாம். வயதுக்கு முதலில் நாடுவது காபன் 14; உயிரோடிருக்கும்போது உடலில் சேர்ந்து, இறந்தபின் தேய்ந்துபோகும் கதிரியக்கக் காபன் அது. 5730 ஆண்டுக்கொருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டு வரை கணக்கிடலாம். ஆனால் கடல் சிப்பியை அப்படியே நம்பக்கூடாது. கடல்நீரில் பழைய காபன் கலந்திருப்பதால் சில நூறு ஆண்டுகள் கூட்டிக் காட்டும். திருத்தம் செய்தே ஆகவேண்டும். சேற்றில் கண்டல் இலையோ விதையோ அகப்பட்டால் நான் அதைத்தான் அனுப்புவேன்.

மேலேயிருக்கும் மணலுக்கு வேறு வழி. புதைந்த குவார்ட்ஸ் மணி, சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கலாம். ஒளி புகாத குழாயை மணற்சுவரில் அடித்து இறக்கி, இருமுனையையும் உடனே மூடி, ஆய்வுகூடத்தில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில்தான் திறப்பார்கள். நீங்கள் வெளியே கொட்டிவைத்த குவியல் இதற்கு உதவாது.

உலகளவில் கடல்மட்ட உயர்வு சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் மந்தமானது. பல கழிமுகங்களும் வாவிகளை அடைத்த மணல்திட்டுகளும் அதன் பின்னரே வளர்ந்தன. கரையிலிருந்து உள்ளே போகப்போக மணல்மேடுகளின் வயது கூடினால், கரை கடல்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பட்டிப்பளை ஆற்றை (கல்லோயாவை) மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டிய பிறகு வண்டல் குறைந்ததா என்பது போன்ற அண்மைக்கால கேள்விகளுக்கு சேற்றில் படிந்து விரைவாகத் தேயும் கதிரியக்க ஈயமான ஈயம் 210 பொருந்தும். அதன் எல்லை 150 ஆண்டுக்குள்.