வெளுத்துப்போன கடல் சாமந்தி: லைட்டைக் கூட்டலாமா?

கேள்வி: மதுரை அண்ணா நகரில் வீட்டில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தை மாதம் வாங்கியபோது பழுப்பாக இருந்த கடல் சாமந்தி (அனிமோன்), சித்திரை வெயிலில் பால் வெள்ளையாகிவிட்டது. நுனிகள் மட்டும் ஊதா. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. லைட்டைக் கூட்டினால் பழைய நிறம் வருமா?

பதில்: தயவுசெய்து இப்போது லைட்டில் கை வைக்காதீர்கள். அந்த வெள்ளை அழகல்ல, பசி. நீங்கள் பார்த்த பழுப்பு, அனிமோனின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். வெளிச்சத்தில் உணவு தயாரித்து அனிமோனுக்குப் பெரும்பங்கு ஊட்டுவது அந்தப் பாசிதான். ஊதா மட்டும் அனிமோனின் சொந்த நிறம், அதனால்தான் அது மிஞ்சியிருக்கிறது. தண்ணீர் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான்.

வெப்பமானியைக் காலையில் பார்க்காமல் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி வலை போட்டு, நீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேனை ஓடவிடுங்கள். நம்ம ஊரின் வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுவைத்து, குறைந்ததை தினமும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்கட்டும்.

பாசி இல்லாத நாட்களில் சோறு ஊட்டுவது உங்கள் பொறுப்பு. பச்சை இறாலை உளுந்தளவு நறுக்கி, இடுக்கியால் மெல்ல அனிமோனின் கைகளில் ஒட்டவையுங்கள், வாரம் இரண்டு முறை. தொட்டியில் கோமாளி மீன் இருந்தால் பறித்துக்கொண்டு ஓடும், அதற்கு முதலில் வேறு மூலையில் தீனி போட்டுவிடுங்கள். அனிமோன் துப்பினால் அடுத்த முறை இன்னும் பொடியாக நறுக்குங்கள். துப்பியதை உடனே எடுத்துவிடுங்கள், அழுகினால் நைட்ரேட் ஏறும்.

தாமிரம் கலந்த மீன் மருந்து ஒரு சொட்டும் கூடாது, அனிமோனுக்கு அது விஷம். பாதம் பாறையைப் பிடித்திருந்து, வாய் மூடியிருந்தால் பிழைத்துவிடும் என்று நம்பலாம். வாய் தொங்கிப் பிளந்து, துர்நாற்றத்தோடு உடல் கரையத் தொடங்கினால் அந்த நிமிடமே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி முழுவதும் கெட்டுவிடும்.

பழுப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அது தெரிந்த பிறகு லைட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அந்த மாற்றம் பிடிபடாது.