ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். அலுவலகத்தில் என்னைப் பற்றித் தவறாகப் பேசுகிறார்கள். பொறுத்துப் போவதா, கேட்டுவிடுவதா?

என்ன பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. "தலைக்கனம்", "போகிற இடத்தில் எத்தனை நாள் நிற்பாள், பார்ப்போம்" போன்றவற்றைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் நாணயத்தைத் தொடும் பேச்சை மட்டும் விடாதீர்கள். அதற்கும் வாய்ச்சண்டை வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ராஜினாமா கொடுத்த சில நாட்களிலேயே, நான் சப்ளையர்களிடம் கமிஷன் வாங்கிப் பிடிபட்டதாகவும், மானத்தோடு போகட்டும் என்று நிர்வாகம் விட்டுவிட்டதாகவும் பேச்சு கிளம்பியது. கொள்முதலில் இருப்பவர் விலகினால் கட்டப்படும் கதை எப்போதும் இதுதான். கணக்குப் பிரிவு என்றால் கையாடல் என்பார்கள். விற்பனை என்றால் வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்பார்கள். கற்பனை வளம் குறைவு. ஆனால் கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும் பேச்சு சட்டென்று கிரிக்கெட்டுக்குத் தாவும்போது வலிக்கத்தான் செய்தது. வருடக்கணக்கில் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் எடுத்துச் சாப்பிட்டவர் ஒருவரே, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றாராம்.

யார் கிளப்பியது என்று துப்பறியப் போகவில்லை. நேராக மேலாளரிடம் போனேன். "சார், என்மீது புகாரோ விசாரணையோ இருக்கிறதா? இருந்தால் நான் இங்கே இருக்கும்போதே நடத்துங்கள். இல்லையென்றால், நானாகவே விலகுகிறேன் என்றும் என்மீது எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லை என்றும் ராஜினாமா ஏற்பு மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள்." "இதையெல்லாம் ஏன்மா பெரிதுபடுத்துகிறீர்கள்?" என்று நெளிந்தார். மாலையில் மின்னஞ்சல் வந்துவிட்டது.

அடுத்தது பொறுப்பு ஒப்படைப்பு. இதில்தான் நேரத்தைக் கொட்டினேன். ஒவ்வொரு சப்ளையருக்கும் எத்தனை கொட்டேஷன் வாங்கினோம், யாருக்கு ஆர்டர் போனது, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்காவிட்டால் ஏன், பாக்கி எவ்வளவு என்று பட்டியலிட்டு, என் இடத்துக்கு வந்தவரிடமும் கணக்குப் பிரிவிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினேன். கமிஷன் என்ற பழிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. பட்டியலைப் புரட்டிய கணக்காளர் தானாகவே நாலு பேரிடம், "கோப்பெல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். நான் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

பேச்சைப் பரப்பியவர் யார் என்பது பிறகு தானாகவே தெரிந்தது. தனியாக அழைத்து ஒருமுறை கேட்டேன்: "ஆதாரம் இருந்தால் மேலாளரிடம் கொடுங்கள், நானும் கூட வருகிறேன்." "ஐயோ மேடம், நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். பேச்சு அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், சத்தம் குறைந்தது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பு என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி அவதூறு குற்றம்தான். ஆனால் அங்கேயே சம்பளம் வாங்குபவர்களில் யார் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வருவார்?

ஒரு வகைப் பேச்சை மட்டும் தனியே வைக்க வேண்டும். பெண்ணாக இருந்து, உங்கள் நடத்தையைப் பற்றி ஆபாசமாகப் பேசினால் அதை வம்பு என்று ஒதுக்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் கீழ், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். விலகப் போகிறவர் என்பது தடையே இல்லை.

மனம் வெறுத்துச் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "ஓடிப்போனாள்" என்ற கதைக்கு வருகைப் பதிவே சாட்சியாகிவிடும். புதிய நிறுவனம் பின்னணி விசாரிக்கும்போது பழைய ஹெச்.ஆரிடம் பொதுவாகக் கேட்பது பதவி, பணிக்காலம், விலகிய காரணம் ஆகியவற்றைத்தான். கேன்டீன் மேசையை யாரும் விசாரிப்பதில்லை. அதனால் ரிலீவிங் லெட்டரில், அதாவது பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தில், தேதியும் பதவியும் சரியா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நீங்கள் விலகிய தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால் கெஞ்ச வேண்டாம். கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து, ஆதாருடன் இணைத்த யுஏஎன் (வைப்பு நிதி உறுப்பினர் எண்) கணக்கில் இணையத்தில் நுழைந்து நீங்களே பதிந்துகொள்ளலாம்.