மூலக்கூறு இயந்திரம்: நிஜமா, கதையா?

"மூலக்கூறு அளவில் இயந்திரம் செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தே விட்டார்கள்.

எங்கள் காரைக்குடி வீட்டு ஊஞ்சல் சங்கிலியில் ஒரு கண்ணி இன்னொன்றோடு ஒட்டியிருக்காது. ஆனால் அறுக்காமல் பிரிக்க முடியாது, தாராளமாக அசையும். இதே மாதிரி இரண்டு மூலக்கூறு வளையங்களை 1983இல் சோவாஜ் என்ற வேதியியலாளர் கோத்தார். நடுவில் ஒரு செம்பு அயனியை (மின்னூட்டம் உள்ள செம்பு அணுவை) வைத்துக் கோத்துவிட்டு, அப்புறம் அதை உருவிவிட்டார். சாரம் கட்டிப் பிரிப்பது போலத்தான். எனக்குப் பிடித்ததே அந்தச் செம்புதான்!

1991இல் ஸ்டோடார்ட், அச்சில் ஓடும் வளையம் செய்தார். 1999இல் ஃபெரிங்கா, ஒளி பட்டால் ஒரே திசையில் சுழலும் மோட்டார். மூவருக்கும் 2016இல் வேதியியல் நோபல். 2017இல் பிரான்சின் துலூஸ் நகரில் மூலக்கூறு கார்களுக்குப் பந்தயமே நடந்தது. சரி, உடம்புக்குள் ரோபோ ஓடி நோய் தீர்க்கும் என்கிற யூடியூப் கதையை மட்டும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.