ஏத்தன் வாழை வளர்ந்ததும் ஈரப்பத அளவு வராமல் போனது ஏன்?

கேள்வி: களக்காடு பக்கம் மூன்று ஏக்கர் ஏத்தன் போட்டிருக்கிறேன். மண் ஈரம் பார்க்க வயலில் ஆறு லோரா பெட்டி (குறைந்த சக்தியில் ரேடியோ அலையில் தூரத்துக்குத் தகவல் அனுப்புவது), வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) அதை வாங்குகிற பெட்டி ஒன்று. இடையில் முக்கால் கிலோமீட்டர் இருக்கும். நட்ட புதிதில் ஆறும் வந்தன. இப்போது ஆறு மாதம் ஆகிறது, இரண்டுதான் வருகின்றன. எஸ்.எஃப். (செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்கிற அளவு) 7, பவர் 20, நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்புகிற மாதிரி வைத்திருக்கிறேன். கடையில் இன்னும் பெரிய பவர் ரேடியோ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பணம் மடியிலேயே இருக்கட்டும் அண்ணாச்சி. கன்றாக இருந்தபோது வந்தது, தழைத்ததும் நின்றுபோனது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதிலேயே விடை இருக்கிறது. வாழைத் தண்டும் இலையும் பெரும்பாலும் தண்ணீர்தான். உங்கள் பெட்டி இடுப்பு உயரத்தில் இருந்துகொண்டு, வரிசை வரிசையாக நிற்கிற அந்தத் தண்ணீருக்குள் கத்திக்கொண்டிருக்கிறது. சாரல் விழுந்து இலை நனைந்த அன்றைக்கு இன்னும் மோசமாக இருந்திருக்குமே?

அதனால் முதல் வேலை ஆன்டெனாவை இலைக்கு மேலே ஏற்றுவது. காற்றுக்கு முட்டுக் கொடுக்க வாங்குகிற சவுக்குக் கம்பில் நீளமானதாக ஒன்றைப் பார்த்து, இலை நுனிக்கு இரண்டு மூன்று அடி மேலே வருகிற மாதிரி நடுங்கள், இனி வளரப்போகிற உயரத்தையும் சேர்த்துத்தான். இரும்புக் குழாயை ஒட்டி ஆன்டெனாவைக் கட்டாதீர்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லிய வயரை மட்டும் மேலே இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வயரில் மூன்று மீட்டர் போவதற்குள் பாதி சக்தி போய்விடும். ரேடியோவையே கம்பின் உச்சிக்குக் கொண்டுபோங்கள், உணரியின் வயர் நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆன்டெனாவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டி பேச வேண்டிய 866 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குக் கால் அலை நீளம் எட்டரை சென்டிமீட்டர் அளவில் வரும். வெறும் கம்பி ஆன்டெனா பதினேழு இருந்தால் அது 433-க்கு உரியது, தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆன்டெனாவைக் கழற்றிவைத்துவிட்டு மட்டும் பெட்டியை ஆன் பண்ணாதீர்கள், ரேடியோ கெட்டுப்போகலாம்.

அப்புறம் செட்டிங். அலைவரிசையை 865-க்கும் 867-க்கும் நடுவில் வையுங்கள், நம் நாட்டில் அங்கே உரிமம் தேவையில்லை. இணையத்தில் கிடைக்கிற மாதிரி நிரல்கள் பலவற்றில் 915 என்று இருக்கும், அது அமெரிக்கக் கணக்கு. பேண்ட்விட்த், அதாவது அலைவரிசையின் அகலம், 125 கிலோஹெர்ட்ஸ் போதும்.

எஸ்.எஃப்.-ஐ 7-லிருந்து 10-க்கு ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டரை டெசிபெல் கூடுதலாகக் காது கேட்கும், மூன்று படிக்கு ஏழரை. 12 வரைக்கும் போகலாமே என்று தோன்றும், ஆனால் படிக்குப் படி அனுப்புகிற நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இருபது பைட் செய்தி 7-ல் நொடியில் இருபதில் ஒரு பங்குதான் எடுக்கும், 12-ல் ஒரு நொடியைத் தாண்டிவிடும். ஆறு பெட்டியும் அப்படி இழுத்து இழுத்துப் பேசினால் ஒன்றின் குரலில் இன்னொன்று விழுந்து இரண்டும் கெடும், பேட்டரியும் தீரும்.

நிமிடத்துக்கு ஒரு தடவை எதற்கு, சொல்லுங்கள்? மண் ஈரம் அவ்வளவு வேகமாக மாறாது, மடை திறந்த அன்றைக்குக்கூட அரை மணிக்கு ஒன்று தாராளம். ஆறையும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணினால் ஒரே நேரத்தில்தான் விழித்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நிமிடம் தள்ளிக் கொடுங்கள்.

அலைவரிசை, பேண்ட்விட்த், எஸ்.எஃப்., சிங்க் வேர்டு (நம் பெட்டியின் செய்திதான் என்று அடையாளம் காட்டுகிற குறியீடு) நான்கும் ஏழு பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வீட்டுப் பெட்டிக்கு அது கேட்காது. பெட்டிக்கு எண் மட்டும் தனித்தனி.

முடித்ததும் வீட்டுப் பெட்டியில் எஸ்.என்.ஆர். பாருங்கள், இரைச்சலோடு ஒப்பிட்டால் செய்தி எவ்வளவு பலமாக வருகிறது என்கிற டெசிபெல் கணக்கு அது. எஸ்.எஃப். 10-ல் மைனஸ் 15 வரை தாங்கும், அதையே தொட்டுக்கொண்டு நின்றால் மழை நாளில் அறுந்துவிடும். மைனஸ் 5-க்கு மேலே இருந்தால் கவலை இல்லை, பவரை 14-க்கு இறக்கியும் பார்க்கலாம், பேட்டரி மிச்சம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆன்டெனா மூட்டில் ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள், அதற்குள் தண்ணீர் இறங்கினால் என்ன செட்டிங் வைத்தாலும் ஒன்றும் நடக்காது.

உங்களுடையது வீட்டிலிருந்தே செட்டிங் மாற்றுகிற பெட்டி என்றால் வயலில் இருப்பதையெல்லாம் முதலில் மாற்றிவிட்டு வீட்டுப் பெட்டியைக் கடைசியில் மாற்றுங்கள். முறை தப்பினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கம்பாக ஏற வேண்டியதுதான்.